அக்காவோட 555 நோட்டும் ஆபீஸ் ஏஐயும்: பட்டர்வொர்த் ஃபார்வர்டிங் கம்பெனி ஒன்னுல நடந்தது

எங்க கம்பெனி மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்ல இருக்கு, கன்டெய்னர் டெர்மினல்லேர்ந்து கார்ல பத்து நிமிஷம், லோரி ஜாம் புடிச்சுக்கிச்சுன்னா முக்கா மணி நேரம். ஃபார்வர்டிங் வேலை. கப்பல்ல வர்ற சரக்குக்கு கஸ்டம்ஸ் டிக்ளரேஷன் போட்டு, டூட்டி (சுங்க வரி) கட்டி, லோரி புடிச்சு, பிறையோ பாயான் லெப்பாஸோ கூலிமோ, ஃபேக்டரி வாசல்ல கொண்டு போய் இறக்குற வரைக்கும் எங்க தலவலி. மொத்தம் 26 பேரு, அதுல டாக்குமென்டேஷன் பக்கம் 9 பேரு. நான் ஆபரேஷன்ஸ் பாக்குறேன், எச்.ஆர்.னு தனியா ஆளு கிடையாது, அதனால லீவு ஃபாரம், எம்.சி. (மெடிக்கல் லீவு), சண்டை சமாதானம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், ஏஐயும் அப்படித்தான் என் தலையில வந்து விழுந்துச்சு. கம்பெனி பேரோ ஆளுங்க பேரோ போடல, போட்டா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.

இந்த லைன்ல இல்லாதவங்களுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். ஒரு ஷிப்மென்ட்டுக்கு இன்வாய்ஸ் ஒன்னு, பேக்கிங் லிஸ்ட் ஒன்னு, பி.எல். (கப்பல்காரன் குடுக்கிற சரக்கு ரசீது, பில் ஆஃப் லேடிங்) ஒன்னு, ஷிப்பிங் லைன்லேர்ந்து அரைவல் நோட்டிஸ் ஒன்னு வரும். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, இறக்குமதின்னா கே1 ஃபாரம், ஏத்துமதின்னா கே2 ஃபாரம் அடிக்கணும். ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். கோடு, அதாவது அது என்ன பொருள்னு கஸ்டம்ஸுக்கு சொல்ற நம்பர், போடணும், மொத 6 நம்பர் உலகம் பூரா ஒன்னு, 8 வரைக்கும் ஆசியான்ல ஒன்னு, நம்ம நாட்டு டாரிஃப்ல 10 நம்பர். கோடு மாறுனா டூட்டி மாறும், பர்மிட் வேணுமா வேணாமான்னு மாறும், தப்பா டிக்ளேர் பண்ணா 1967 கஸ்டம்ஸ் சட்டத்துல 133-வது பிரிவு நம்மள பாத்து சிரிக்கும்.

மொத ரவுண்டு, பிரியாணி நல்லா இருந்துச்சு

2024 நடுவுல எங்க பாஸ் கோலாலம்பூர்ல ஏதோ ஓட்டல் செமினாருக்குப் போயிட்டு வந்தாரு. இவரு சின்ன பாஸ், கம்பெனிய ஆரம்பிச்ச பெரியவரோட மகன். வந்ததுலேர்ந்து கண்ணுல ஒரு வெளிச்சம், எதுக்கெடுத்தாலும் ஏஐ ஏஐன்னு. ரெண்டே வாரத்துல 12 பேருக்கு காசு கட்டி அக்கவுண்ட் வாங்கியாச்சு, ட்ரெய்னரும் புக் பண்ணியாச்சு. 10 மலேசியரோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற எங்கள மாதிரி கம்பெனிங்க சம்பளத்துல 1% எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு (ட்ரெய்னிங்குக்குன்னு இருக்கிற அரசாங்க அமைப்பு) லெவி கட்டணும்ல, அந்த காசு சும்மாத்தானே கெடக்குது, கிளைம் பண்ணிக்கலாம்னு ஒரு நாள் கோர்ஸ். நம்ம நாட்டுல பாதி ட்ரெய்னிங் இப்படித்தான் நடக்குது, யாருக்கு என்ன தெரியணும்னு யோசிச்சு இல்ல, லெவி மிச்சம் இருக்குதேன்னு.

வந்த ட்ரெய்னர் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஏஐய வச்சு கவிதை எழுதிக் காட்டுனாரு, மார்க்கெட்டிங் போஸ்ட் எழுதிக் காட்டுனாரு, அப்பறம் பினாங்குக்கு மூணு நாள் ட்ரிப் பிளான் போட்டுக் காட்டுனாரு. பினாங்குக்காரன் இருபது பேரு உக்காந்திருக்கிற ரூம்ல பினாங்கு ட்ரிப்! எந்த கடை நாசி கண்டார் நல்லா இருக்கும்னு அது சொல்ல, பின் வரிசையில ஒரு சண்டையே ஆரம்பிச்சிருச்சு, அந்த ஒரு அஞ்சு நிமிஷம்தான் அன்னைக்கு எல்லாரும் முழிச்சிருந்தது. மத்தியானம் பிரியாணி. கே1 பத்தி யாரும் ஒரு கேள்வி கேக்கல, அவரும் கேக்கல.

மூணு மாசம் கழிச்சு அட்மின் பேஜ தொறந்து பாத்தேன். 12 அக்கவுண்ட்ல 8 மொத வாரத்தோட சரி. பாஸ்கிட்ட சொன்னேன், "நம்ம ஆளுங்களுக்கு புதுசா கத்துக்க சோம்பேறித்தனம்"னு முடிச்சிட்டாரு. உண்மைய சொல்லணும்னா நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன், வயசான கெராணிங்க (கிளர்க்குங்க), மாறமாட்டாங்கன்னு.

அப்பறம்தான் ஒரு நாள் எங்க டாக்குமென்டேஷன் தம்பி ஒருத்தரோட ஈமெயில் கண்ணுல பட்டுச்சு. 24 வயசு, வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம், இங்கிலீஷ் சுமாருக்கும் கீழதான். அன்னைக்கு மெயில் வக்கீல் எழுதுன மாதிரி இருக்கு. தபாவ் (பார்சல்) சாப்பாடு பிரிக்கும்போது மெதுவா கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கைப்பேசிய காட்டுனாரு, சொந்த அக்கவுண்ட், ஃப்ரீ வெர்ஷன். மேல தள்ளத் தள்ள எனக்கு வயித்த கலக்குது. கஸ்டமர் இன்வாய்ஸ் போட்டோ போட்டோவா ஏத்தியிருக்காரு, சப்ளையர் பேரு, வாங்குன வெல எல்லாம் அப்படியே. வீடு மாத்திக்கிட்டு வர்றவங்களோட சாமான் ஷிப்மென்ட் ஒன்னு இருந்துச்சு, அதுல பாஸ்போர்ட் காப்பியும் சேத்து. 2023-ல சாம்சங்ல எஞ்சினியருங்க கம்பெனியோட சாஃப்ட்வேர் கோட சாட்ஜிபிடில போட்டு, அப்பறம் கம்பெனி அந்த மாதிரி டூல்ஸையே தடை பண்ணுச்சே, அத பேப்பர்ல படிச்சப்ப கொரியாக்காரன் கதைன்னு தள்ளிட்டேன். இங்க என் மீ கோரெங் பக்கத்துலயே நடந்துக்கிட்டு இருக்கு. பி.டி.பி.ஏ.ன்னு தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு சட்டம் இருக்கு, அதுல திருத்தம் வருது, லீக் ஆனா 72 மணி நேரத்துல கமிஷனருக்கு சொல்லணும்னு அப்பவே பேச்சு (2025 ஜூன்லேர்ந்து அது அமலுக்கே வந்துடுச்சு).

திட்டல. ஒன்னே ஒன்னு கேட்டேன், கம்பெனி காசு கட்டுன அக்கவுண்ட் இருக்குல்ல தம்பி, அத ஏன் தொடல?

"அண்ணே, அதுல போட்டா பாஸ் பாப்பாரு. சீக்கிரம் முடிக்கிறேன்னு தெரிஞ்சா இன்னும் நாலு ஃபைல் தள்ளிடுவாங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல. எட்டு பேரு சோம்பேறின்னு நாங்க முடிவு பண்ணியிருந்தோம், ஆனா அவங்க ஏஐய தொடாம இருந்ததுக்கும் தொட்டவரு மறைச்சதுக்கும் ஒரே காரணம்.

திருகும் ஓ.டி.யும்

ரெண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்துச்சு.

மொதல்ல திருகு. அதே தம்பிகிட்ட ஒரு ஷிப்மென்ட், செமிகண்டக்டர் மெஷினுக்கு மாட்டுற ஸ்டீல் திருகு செட்டு. இன்வாய்ஸ்ல மெஷின் பேரோட சேத்து பார்ட்ஸ்னு போட்டிருக்கான். ஏஐகிட்ட கேட்டிருக்காரு, அது 8486.90-ன்னு சொல்லி, அதாவது சிப் செய்யற மெஷினோட பார்ட்ஸ், கூடவே மூணு பாரா காரணமும் குடுத்திருக்கு, படிச்சா நமக்கே கைதட்டணும் போல இருக்கும். அப்படியே ட்ராஃப்ட் அடிச்சு செக்கிங்குக்கு வச்சுட்டாரு. செக் பண்றது எங்க அக்கா. 22 வருஷ சர்வீஸ், பெரியவரு காலத்து ஆளு. பேப்பர எடுத்து பாத்து ஒரு நிமிஷம் கூட ஆகல.

"திருகு எங்க போய் மாட்டுனாலும் திருகுதான்யா. 7318."

அவங்க சொன்னதுதான் ரூல். டாரிஃப்ல 15-வது செக்ஷன் தலைப்புல ரெண்டாவது நோட்டு, பொதுவா எங்கயும் மாட்டக்கூடிய இரும்பு திருகு, போல்ட்டு, நட்டுன்னா மெஷினோட பார்ட்ஸ் ஆகாது, அதது சொந்த ஹெட்டிங்குக்குத்தான் போகணும். ஏஐக்கு இந்த நோட்டு தெரியாம இல்ல, நேரா கேட்டா ஒப்பிக்குது, ஆனா கேள்வி வந்த விதத்துல மெஷின் பேர பாத்ததும் அந்தப் பக்கம் ஓடிருச்சு. 2023-ல போஸ்டன் கன்சல்ட்டிங் குரூப்ல 758 பேர வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ஏஐக்கு வர்ற மாதிரி வேலையில அதோட சேந்தவங்க 25% வேகமா முடிச்சாங்க, தரமும் கூடுச்சு, ஆனா அதுக்கு வராத மாதிரி அமைச்ச வேலையில ஏஐ வச்சிருந்தவங்கதான் ஜாஸ்தி தப்பு பண்ணாங்க, சரியான விடை சொன்னவங்க கணக்கு 19 சதவீதப் புள்ளி கொறஞ்சுது. படிச்சவன், கோட்டு போட்டவனுக்கே அந்த கதி. எது அதுக்கு வரும் எது வராதுன்னு வெளியில இருந்து பாத்தா தெரியாது, திருகு மாதிரி சின்ன விஷயத்துலதான் கால வாரும்.

ரெண்டாவது ஓ.டி., அதாவது ஓவர்டைம். திருகு விஷயத்துக்கு நன்றி சொல்லலாம்னு அக்காவ மாமாக் கடைக்கு கூட்டிட்டுப் போனேன். தே தாரிக் வந்துச்சு. "ஏன்க்கா, நீங்களே இத உபயோகிச்சா எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்"னு பெருமையா ஆரம்பிச்சேன். அக்கா கிளாஸ கீழ வச்சாங்க.

"தம்பி, நீ டிகிரி படிச்சவன்தானே, கணக்கு போட்டுப் பாரு. எங்க ரூம்ல இருக்கிற பொண்ணுங்க எதுக்கு எட்டு மணி வரைக்கும் உக்காந்திருக்குன்னு நெனக்கிற, கம்பெனி மேல உள்ள பாசத்துலயா?"

அங்கயே டிஷ்யூ பேப்பர்ல போட்டுப் பாத்தோம். அடிப்படை சம்பளம் 2,600 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சுக்குவோம். மாசத்துக்கு 26 நாளுன்னு வகுத்தா நாளைக்கு 100, 8 மணி நேரத்துல வகுத்தா மணிக்கு 12.50. சாதா நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, 18.75. மாசத்துக்கு 30 மணி நேரம் ஓ.டி. பாத்தா 562 வெள்ளி 50 காசு. கார் லோன் தவணை அதுலதான் போகுது, புள்ள டியூஷன் அதுலதான் போகுது. வேலைவாய்ப்பு சட்டத்துல 4,000 வெள்ளிக்கு உள்ள சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் ஓ.டி. உரிமை, எங்க டாக்குமென்டேஷன்ல முக்காவாசிப்பேரு அதுக்குள்ளதான் வர்றாங்க. ஏஐ வந்து அந்த 30 மணி நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்தா, கம்பெனிக்கு மிச்சம், அந்தப் பொண்ணுக்கு 562.50 நட்டம். நாங்க பிரியாணி போட்டு, ட்ரெய்னர் வச்சு, உன் சம்பளத்த எப்படி கொறச்சுக்கிறதுன்னு அவங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்கோம். அவங்க கேட்டுட்டு பேசாம இருந்தாங்க, அதுவே மரியாதைதான்.

அக்கா கடைசியா இன்னொன்னும் சொன்னாங்க. "எனக்கு ஓ.டி. கெடையாது, நான் 4,000 தாண்டிட்டேன். என் பயம் வேற." என்ன பயம்னு அன்னைக்கு சொல்லல.

பாஸ்கூட சண்டை

டிஷ்யூ பேப்பரோட பாஸ் ரூமுக்குப் போனேன். மொதல்ல கோவம். "நான் காசு கட்டி டூல் வாங்குறேன், வேல கொறயுது, அதுக்கப்பறமும் ஓ.டி. காசு குடுக்கணுமா, வேல செய்யாததுக்கா?" அவரு பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. நான் கேட்டது, ஒரு வருஷத்துக்கு, போன ஆறு மாச ஓ.டி.யோட சராசரிய நிரந்தர அலவன்ஸா குடுங்க, அந்த வருஷத்துல இதனால டாக்குமென்டேஷன்ல யாரையும் தூக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. அவரு அக்கவுண்ட்ஸ் பொண்ண கூப்பிட்டு கேட்டாரு, அது போட்ட குண்டு என்னன்னா, ஓ.டி.க்கு இ.பி.எஃப். (சேமநிதி) கட்ட வேணாம், அலவன்ஸா மாத்துனா கட்டணும், முதலாளி பங்கு 13%, ஆளுக்கு மாசம் 70 வெள்ளி சொச்சம் கூடுதல். திரும்பவும் கோவம்.

கடைசியில காப்பாத்துனது இ-இன்வாய்ஸ். எங்க டர்ன்ஓவருக்கு (5 மில்லியனுக்கு மேல, 25 மில்லியனுக்குள்ள) 2025 ஜூலை 1-ல எல்.எச்.டி.என். (வருமான வரித்துறை) இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆகுறதா இருந்துச்சு. அதுக்குன்னு ரெண்டு பேர புதுசா எடுக்க பட்ஜெட் போட்டு வச்சிருந்தாரு. இருக்கிற ஆளுங்களுக்கு மிச்சமாகுற நேரத்துல அந்த வேலைய போட்டுக்கலாமே, ரெண்டு சம்பளத்தோட பாத்தா இந்த அலவன்ஸ் எம்மாத்திரம்னு கேட்டேன். ஒரு வாரம் பேசல. அப்பறம் லெட்டர்ல சைன் வச்சுட்டாரு, 2025 ஜனவரிலேர்ந்து ஒரு வருஷத்துக்கு. ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு காப்பி.

அந்த லெட்டர் குடுத்த மறுவாரமே தம்பி தன்னோட ஃப்ரீ அக்கவுண்ட்ட என் முன்னாடியே டிலீட் பண்ணிட்டாரு. நான் சொல்லல, அவராவே.

ரெண்டாவது ரவுண்டு

இந்த தடவ ட்ரெய்னர் கிடையாது. நான் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு ரெண்டு வாரம் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நாற்காலி போட்டு உக்காந்தேன். எது உங்களுக்கு எரிச்சலான வேலைன்னு மட்டும் கேட்டேன். பாஸ் நெனச்சுக்கிட்டு இருந்தது எச்.எஸ். கோடு. ஒருத்தர் கூட அத சொல்லல, அது அவங்களுக்கு புடிச்ச வேலை, அதுலதான் அவங்க கெத்தே இருக்கு. எல்லாரும் சொன்னது பேப்பர் ஒப்பிட்டு பாக்குறது. இன்வாய்ஸ்ல ஒரு எடை, பேக்கிங் லிஸ்ட்ல ஒரு எடை, பி.எல்.ல இன்னொன்னு, நாலு பக்கம் நம்பர விரல் வச்சு வச்சு பாத்து மத்தியானம் மூணு மணிக்கு கண்ணு பூத்துப் போகுமாம்.

அத மட்டும் எடுத்தோம். கஸ்டமர் பேரு, வெல எல்லாம் மறைச்சுட்டு, கம்பெனி அக்கவுண்ட்ல, மூணு டாக்குமென்ட்டையும் குடுத்து எங்கெங்க நம்பர் ஒத்துப் போகலன்னு மட்டும் கேளுங்கன்னேன். ஒரு பொண்ணு அடிச்சத அப்படியே சொல்றேன்: "மூணுலயும் பெட்டி எண்ணிக்கை, நெட் வெயிட், கிராஸ் வெயிட் பாரு, எது எது ஒத்து வரல, எந்த பக்கத்துல இருக்குன்னு சொல்லு, நீயா எதையும் சரி பண்ணாதே." தமிழும் மலாயும் இங்கிலீஷும் கலந்துதான் அடிக்கிறாங்க, அது புரிஞ்சுக்கிது, யாரும் இங்கிலீஷுக்காக கூச்சப்பட வேண்டியது இல்லன்னு ஆனதே பாதி வெற்றி. மொத நாளே, பேக்கிங் லிஸ்ட்ல 18 பேலட், பி.எல்.ல 19னு ஒன்னு மாட்டுச்சு. சப்ளையருக்கு உடனே மெயில், கப்பல் வர்றதுக்கு முன்னாடியே திருத்தம் வாங்கியாச்சு. வழக்கமா இது சரக்கு வந்து எறங்குனப்பறம் தெரிஞ்சு, ஃப்ரீ டேஸ் (காசு இல்லாம கன்டெய்னர் இருக்கலாம்னு விடற நாளுங்க) ஓடிப்போய், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) யாரு தலையில கட்டுறதுன்னு சண்டை நடக்கும்.

ரூல் எல்லாம் ஒரே பேப்பர்ல, ஃபோட்டோஸ்டாட் மெஷின் மேல ஒட்டியிருக்கு. ஐ.சி. (அடையாள அட்டை), பாஸ்போர்ட் எதுவும் ஏத்தக்கூடாது. எச்.எஸ். கோடு அதுகிட்ட யோசனை கேக்கலாம், அத அப்படியே போடக்கூடாது. கஸ்டமருக்கு போற மெயில்ல தேதியும் நம்பரும் மூல பேப்பர்ல பாத்துட்டுத்தான் அனுப்பணும். இந்த மூணாவது மொதல்ல இல்ல, ஒரு தடவ அடி வாங்கி சேத்தது. அரைவல் நோட்டிஸ்ல ஃப்ரீ டைம் 5 நாளு, ஏஐ எழுதுன மெயில்ல 7 நாளுன்னு போயிருச்சு, கஸ்டமர் ஆறாவது நாள் ஜாலியா லோரி அனுப்புனாரு. அந்த டெமரேஜ நாங்கதான் கட்டுனோம். பாஸ் அந்தப் பொண்ண கத்தப் போனாரு, நான் குறுக்க நின்னேன், அன்னைக்கு கத்தியிருந்தா எல்லாரும் திரும்ப கைப்பேசிக்கு ஓடியிருப்பாங்க.

புதன்கிழமை சாயந்திரம் அரை மணி நேரம் ஒரு கிளாஸ் வச்சோம், பேரே தப்பு கிளாஸ்தான். அந்த வாரம் ஏஐ பண்ண தப்ப ஆளுக்கொன்னு கொண்டு வரணும், பெரிய தப்பு புடிச்சவங்களுக்கு நாசி கண்டார் பாஸ் செலவு. இதுல தொடர்ந்து ஜெயிச்சது யாருன்னு சொல்லணுமா? அக்கா. ஏஐயே தொடமாட்டேன்னவங்க, அத மடக்குறதுக்காகவே தொட ஆரம்பிச்சாங்க, குறும்பு குறும்பா கேள்வி கேக்குறாங்க, பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி பாட்டில் எங்க போகும், ரப்பர் கையுறைக்குள்ள துணி வச்சிருந்தா எங்க போகும்னு. புது பசங்க வாய தொறந்துக்கிட்டு பாக்குறாங்க, 22 வருஷமா செக்கிங் மேசையில சத்தமில்லாம இருந்த அறிவு அப்பத்தான் எல்லாருக்கும் கண்ணுல பட்டுச்சு.

டிஸ்பாட்ச் பக்கம் லோரி ஷெட்யூலுக்கும் போட்டுப் பாத்தோம், சரிப்படல, ட்ரைவருங்க வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ்தான் இன்னும். 58 வயசு கெராணி அண்ணன் ஒருத்தரு கடைசி வரைக்கும் வேணாம்னுட்டாரு, விட்டுட்டோம், அவரு விரல் வச்சு பாக்குறதே மெஷின் மாதிரிதான். மத்தபடி எட்டு மணி லைட்டு ஆறரைக்கு அணையுது, இ-இன்வாய்ஸ் புது ஆளு இல்லாம ஓடுது, அலவன்ஸ் மாசா மாசம் வருது.

அக்காவோட பயம்

2025 கடைசியில லெட்டர் முடியப் போகுது, புதுப்பிக்கணும். பாஸுக்கு இப்ப புது ஆசை. அக்காகிட்ட 555 நோட்டு இருக்கு, கடன் எழுதுற அந்த குட்டி நோட்டேதான், மொத்தம் 11. எந்த பொருளுக்கு எந்த கோடு, எப்ப கஸ்டம்ஸ்ல என்ன கேள்வி கேட்டான், என்ன பதில் சொன்னோம், எந்த கஸ்டமர் இன்வாய்ஸ்ல பொருள் பேர மாத்தி எழுதுவான், எல்லாம் அதுல. பாஸ் சொல்றாரு, அத எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏஐக்குள்ள போட்டா அக்கா லீவுல இருந்தாலும் வேல ஓடுமேன்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. அக்கா மொகம் மாறுனத நான் பாத்தேன், மாமாக் கடையில சொல்லாத பயம் இதுதான்.

2023-ல ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, கஸ்டமர் சப்போர்ட்ல வேல செய்யற 5,000-க்கும் மேற்பட்டவங்க, நிறைய பேரு நம்ம பக்கத்து பிலிப்பைன்ஸ்ல. ஏஐ குடுத்ததும் ஒரு மணி நேரத்துல முடிக்கிற வேல சராசரியா 14% கூடுச்சு, புதுசா வந்தவங்களுக்கு 34%, நல்லா தேர்ந்தவங்களுக்கு ஒன்னும் பெருசா இல்ல. ஏன்னா அந்த ஏஐ கத்துக்கிட்டதே தேர்ந்தவங்க பேசுன பேச்சுலேர்ந்துதான், அவங்க கைவேலைய எடுத்து புதுசுக்கு குடுக்குது, அவங்களுக்கு அதுக்கு என்ன கூலின்னு யாரும் போட்டு வைக்கல. இத அக்காகிட்ட தமிழ்ல சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப நான் தப்பா பயப்படல"ன்னாங்க.

அடுத்த நாள் அவங்களே பாஸ் ரூமுக்குப் போனாங்க. கதவு மூடியிருந்துச்சு, முக்கா மணி நேரம். வெளிய வந்தப்ப கையில ஒரு லெட்டர், கம்ப்ளையன்ஸ் சீனியர்னு புது பதவி, சம்பளம் எவ்வளவு ஏறுச்சுன்னு எனக்கும் சொல்லல. ஏஐ சொல்ற கோடு எல்லாம் அவங்க கையெழுத்து இல்லாம போகாது, நோட்டுல இருக்கிறத ஏத்துனா எந்த நோட்டுலேர்ந்து வந்ததுன்னு அவங்க பேரோட இருக்கணும், வருஷத்துக்கு ரெண்டு நோட்டுதான் குடுப்பாங்க. பாஸ் மொத்தத்தையும் கேட்டிருக்காரு, "சின்ன பாஸ், உங்க அப்பாவே என்கிட்ட மொத்தமா கேட்டதில்ல"ன்னிருக்காங்க.

அலவன்ஸும் இன்னொரு வருஷத்துக்கு புதுப்பிச்சாச்சு, மாசம் 50 வெள்ளி கொறச்சு. அதுக்கு இன்னும் மொணமொணப்பு இருக்கு, அடுத்த வாரம் திரும்ப பேசணும். அக்கா மொத ரெண்டு நோட்ட ஜனவரில குடுத்தாங்க, 2003, 2004 வருஷத்தோடது, அட்டையெல்லாம் பிஞ்சு போயி, ஸ்கேன் பண்றப்ப தம்பி சொல்றாரு, அதுல பாதி கோடு இப்ப மாறிப்போச்சாம். மீதி ஒன்பதும் அவங்க டிராயர்லதான் இருக்கு, சாவி ஹேண்ட்பேக்குல.